ஏழரை மணி ஆகாஷ்

ஏழரை மணி சீரியலை எழுதுகிற மகராசன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், நைனார்பாளையம் பக்கம் வந்துவிட்டுப் போக வேண்டும் என்பது கவியரசனின் ஆசை. வந்தால் அடிக்க மாட்டான். கை நீட்டுகிற ஆள் இல்லை அவன். தன் குட்டியானை லோடு வண்டியின் முன்சீட்டில் அந்த ஆளை மரியாதையாக உட்கார வைப்பான். காலையில் களை வெட்டுகிற பெண்கள் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போகிற பாதையில் ஒரு நடை ஓட்டுவான். "நீ எழுதுனது எங்க வந்து விடிஞ்சிருக்குன்னு உங்காதால கேளு" என்பான். அது போதும்.

கேட்பதில் சிரமமே இருக்காது. வண்டியின் பின்கண்ணாடி மரவள்ளிக் குச்சி இடித்து உடைந்துபோய் வருஷமாகிறது. அந்த இடத்தில் ஒரு சாக்குத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். பின்னால் நிற்கிற பெண்கள் மூச்சு விட்டால்கூட முன்னால் கேட்கும்.

பெண்களைக் காட்டில் இறக்கிவிட்டு அவன் மலையேறுவான். வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்றி, சின்னசேலத்தில் ஜவ்வரிசி செய்கிற சேகோ மில்லில் இறக்கிவிட்டு, சாயங்காலம் கூட்டத்தைத் திரும்ப அழைத்து வருவான். கூட்டத்துக்குத் தலைவி அவன் அம்மா செவ்வந்தி. கொத்துக்காரி என்பதைவிடக் கதைக்காரி என்றுதான் அவளுக்குப் பேர் ஜாஸ்தி.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோராலும் சீரியல் பார்க்க முடிவதில்லை. ஒருத்தி வீட்டில் புருஷன் ரிமோட்டை விடமாட்டான், இன்னொருத்தி அந்நேரம்தான் உலை வைப்பாள். ஆகவே முழுசாகப் பார்த்தவள் மறுநாள் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். வண்டியில் ஆரம்பித்துக் காட்டில் முடிப்பாள். அதற்குக் கூலியாக, அவள் பங்குக்கு வரும் பயிர் வரிசையில், அந்தச் சாலில், பாதியை மற்றவர்கள் வெட்டிக் கொடுப்பார்கள். செவ்வந்தி களை வெட்டிக் கை காய்த்ததைவிட, கதை சொல்லித் தொண்டை காய்ந்ததுதான் அதிகம். மாமியார் குரல் வேண்டுமா, மாமியார். வில்லி வேண்டுமா, வில்லி. சீரியலில் நடிக்கிறவர்களைவிட இவள் நன்றாக நடிப்பாள்.

அந்த சீரியலில்தான் ஆகாஷ் வந்து சேர்ந்தான். பெரிய வீட்டுச் சின்னப் பிள்ளை. ஒருநாள் அவன் தன் அம்மாவின் மடியில் விழுந்து, "எனக்குப் பொண்ணுங்க மேல ஆசையே வரலம்மா. என் மனசு ஒரு பையன்கிட்டதான் இருக்கு" என்று அழுதான். அந்த அம்மாவும் அழுதாள். அழுதுவிட்டு, "நீ எப்படி இருந்தாலும் என் பிள்ளைதான்டா" என்று கட்டிக்கொண்டாள். இந்தப் பக்கம் செவ்வந்தி முந்தானையால் மூக்கைச் சிந்தினாள். "பாவம் இந்தப் புள்ள. எத்தினி நாளா மனசுல வெச்சிகினு இருந்துச்சோ" என்றாள்.

சுவரில் சாய்ந்து சோறு தின்றுகொண்டிருந்த கவியரசனுக்குக் கை நின்றுவிட்டது. முப்பத்தொரு வயசு. பத்து வருஷமாக எப்படிச் சொல்வது என்று அலைந்த விஷயம். வாய்ப்பு வீடு தேடி வந்து டிவிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இன்று விட்டால் என்றைக்கு?

"யம்மா, நானும் அந்தப் புள்ள மாதிரிதாம்மா."

செவ்வந்தி திரும்பிப் பார்த்தாள். விளையாடுகிறானா என்று பார்த்தாள். இல்லை என்று தெரிந்ததும் டிவியை அணைத்தாள். அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டாள். "சரி. யார்கிட்டயும் சொல்லிகினு திரியாத" என்றாள். மறுநாள் கல்வராயன் மலை வளைவுகளை ஏறும்போது வண்டியில் பாரமே இல்லாத மாதிரி இருந்தது அவனுக்கு. வெள்ளிமலையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் சின்னதுரையிடம் ஓடிப்போய், "சொல்லிட்டன்டா, அம்மா ஒண்ணும் சொல்லல" என்றான். நான்கு வருஷமாகச் சின்னதுரைதான் அவனுக்கு எல்லாம். அவன் பெயரை மட்டும் கவியரசன் அம்மாவிடம் எடுக்கவில்லை. மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம், இனி என்ன அவசரம் என்று இருந்துவிட்டான். புத்திகெட்டவன்.

அந்த மகராசன் விட்டானா? அழுகிற ஆகாஷைப் பார்க்க ஆள் கம்மியோ என்னவோ, ஒரு திங்கட்கிழமை அவனுக்கு உதட்டுச்சாயம் பூசிவிட்டான். ஆகாஷ் நடந்தால் பின்னால் ஒரு கோமாளி மேளம். வாட்ச்மேனைப் பார்த்துக் கண்ணடித்தான். வளையல் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் குழைந்தான். வளையல் போட ஆசைப்படுகிறவர்கள் போடட்டும், அதில் என்ன குறைச்சல்? ஊர் சிரிக்க வேண்டும் என்பதற்காகவே ஒருத்தன் கையில் அதை மாட்டிவிடுவது அயோக்கியத்தனம். கவியரசனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

செவ்வந்தி அவன் துணிப்பெட்டியைக் கிளறினாள். "நீயும் வளவி போட்டுப் பாப்பியா?" என்று ரகசியமாகக் கேட்டாள். மறுநாள் வண்டியில், இடுப்பை ஒடித்து, மணிக்கட்டை மடக்கி, ஆகாஷ் நடக்கிற நடையை நடந்தும் காட்டினாள். பக்கக் கண்ணாடியில் அவள் மடக்கிய கை தெரிந்தது. பெண்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம், "ஏம்மா அப்பிடி நடந்து காட்டுற?" என்று கேட்டான்.

"எல்லாரும் சிரிக்கறப்ப நா மட்டும் உம்முனு இருந்தா சந்தேகம் வராதா?"



சிரிப்பு சலித்ததும் ஆகாஷை வில்லனாக்கினார்கள். தங்கைக்கு நிச்சயமான மாப்பிள்ளையையே ஆள் வைத்துக் கடத்தினான். அந்த வாரம் செவ்வந்திக்குத் தூக்கமே இல்லை. பக்கத்து வீட்டுப் பச்சையம்மாளின் மகன் அஜித்குமார் கள்ளக்குறிச்சி காலேஜுக்குப் போக, பஸ் நிறுத்தம் வரைக்கும் இந்த வண்டியில்தான் தொத்திக்கொள்வான். "இனிமே அந்தப் பையன ஏத்தாத" என்றாள் செவ்வந்தி, மகன் முகத்தைப் பார்க்காமல். தன்னையும் அந்த வில்லன் மாதிரி பெற்றவளே நினைக்கிறாள் என்று கவியரசனுக்குப் புரிந்தது. அன்றைக்கு மலை வளைவில் வண்டியை ஓரம் கட்டி அழுதான்.

கடைசியில் வைத்தியமும் வந்தது. ஒரு ஏழைப் பெண் ஆகாஷைத் திருத்துவதற்காக ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றி உருண்டாள். நிச்சயம் ஆனது. ஆனதுமே ஆகாஷ் அவளைப் பார்த்து வெட்கப்பட ஆரம்பித்துவிட்டான். உதட்டுச்சாயம் போய் மீசை வந்தது. செவ்வந்திக்குப் போன உயிர் திரும்பியது. களைக்கூட்டத்து விஜயலட்சுமிக்கு ஒரு அண்ணன் மகள், கலையரசி, கெட்டிக்காரப் பெண். அவளைக் கவியரசனுக்குப் பெண் பார்க்க ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று செவ்வந்தி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஏழரை மணிக்கு ஆகாஷுக்குக் கல்யாணம். மேளம் கொட்டியது. தாலியைக் கையில் எடுத்த நேரத்தில் கவியரசன் டிவி வயரைப் பிடுங்கினான்.

"நா நாளைக்கி வரல."

"வாக்கு குடுத்துட்டன்டா!"

"அந்தப் பொண்ணு நம்மள இன்னா பண்ணுச்சி? அது வாழ்க்கைய ஏன் நாசம் பண்ணணும்?"

"மொதல்ல அப்பிடித்தான் இருக்கும். தாலி ஏறிட்டா தன்னால சரியாயிடும். ஆகாஷும் முடியாதுன்னுதான சொன்னான்? இப்ப எப்பிடி ஆயிட்டான் பாரு."

"ஐயோ, அது கதைம்மா! எவனோ மெட்ராசுல ஒக்காந்துகினு வாரத்துக்கு ஒரு மாதிரி மாத்தி மாத்தி எழுதறான். அது நெஜமில்ல!"

"கதைன்னா, நீ ஏன்டா அத்தக் காட்டிச் சொன்ன?"

செவ்வந்தி விடவில்லை. இத்தனை மாசமாக அடக்கி வைத்திருந்தது போலிருக்கிறது.

"அன்னிக்கி மட்டும் அது நெஜமா? அந்தப் புள்ள மாதிரின்னு ஒத்த வார்த்த சொன்ன. அப்புறம் வாயத் தொறந்தியா? சோத்த துன்ன, தூங்குன, வண்டிய எடுத்துகினு போன. நா யார்கிட்ட போயி கேப்பன்? எம்புள்ள இன்னா மாதிரின்னு தெரிஞ்சிக்கத்தான் தெனமும் அந்த எழவ பாக்கறன். அவன் அழுவறப்ப நீ அழுவறன்னு நெனச்சன். அவன் கெட்டவன் ஆனதும் எனக்கு வவுத்துல நெருப்பு."

எழுதியவன் மீது மட்டுமே கோபப்பட்டுப் பழகியவனுக்கு அது சுருக்கென்று தைத்தது. உண்மைதான். தன் பிள்ளையின் கதையை அவள் அடுத்தவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி விட்டது யார்? அவன் தரையில் உட்கார்ந்தான்.

"வெள்ளிமலையில சின்னதுரைன்னு ஒருத்தன். பஞ்சர் கடை வெச்சிருக்கான். நாலு வருசமா நானும் அவனும்தாம்மா."



"மலையிலருந்து நீ எடுத்துகினு வருவியே, பலாப்பழம்?" என்றாள் செவ்வந்தி.

"அவன் வூட்டு மரம்."

"எனக்கு இடுப்பு புடிச்சிகினப்ப மலைத்தேனும் எண்ணெயும்?"

"அவன்தான் குடுத்தனுப்புனான். ரெண்டு தரம் போன் பண்ணி அம்மாவுக்குத் தேவலையான்னு கேட்டான்."

அவள் தயங்கித் தயங்கி, "அவன் எப்பிடி நடப்பான்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியில் கவியரசனுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "நடக்கறதுல இன்னாம்மா இருக்குது? செருப்பத் தேச்சிகினு நடப்பான். டீயில சக்கர கம்மின்னா சண்ட போடுவான். எனக்குக் காய்ச்சல்னா ராவெல்லாம் முழிச்சிகினு இருப்பான். அவ்ளோதான்."

செவ்வந்தி பாயை விரித்துச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஞாயிறானாலும் மக்காச்சோளக் காட்டில் அரைநாள் களை இருந்தது. பெண் பார்ப்பது மத்தியானத்துக்கு மேல்தான். காலையில் கூட்டம் வண்டியில் ஏறியது. எப்போதும் பின்னால் நடுவில் நிற்கிற செவ்வந்தி, அன்று முன்கதவைத் திறந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"யக்கா, இன்னா முன்னாடி ஏறிட்ட? கல்யாணக் கதைய யாரு சொல்றது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"நேத்து டிவி ஓடல."

"நா பாத்தன், நா சொல்றன்" என்று விஜயலட்சுமி ஆரம்பித்தாள். தாலி கட்டும்போது ஆகாஷின் பழைய சிநேகிதன் மண்டபத்துக்கு வந்தானாம். அவன் எப்படி வந்தான் தெரியுமா என்று அவள் நடந்து காட்டியிருக்க வேண்டும். வண்டியே குலுங்கியது. "கர்மம், கர்மம்" என்றாள் ஒருத்தி. "இதுங்கள எல்லாம் பொறந்தப்பவே கொன்னுடணும்" என்றாள் இன்னொருத்தி. அதற்கும் சிரித்தார்கள். சாக்குத் துண்டு காற்றில் படபடத்தது. ஒரு வார்த்தை விடாமல் எல்லாம் செவ்வந்தியின் காதில் வந்து விழுந்தது.

அவள் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டாள். மூடினால் கேட்காமல் போகுமா?

"தெனமும் இங்க ஒக்காந்து இத்தத்தான் கேட்டுகினு வர்றியா?" என்றாள்.

"ஆமாம்மா" என்றான் கவியரசன். ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "முக்காவாசி நாள் நீதான் சொல்லுவ."

ஊருக்கே கதை சொல்கிறவளுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. சொன்னது கவியரசனுக்குப் பாவமாக இருந்தது, சொல்லாமல் விட்டிருந்தால் இன்னும் பாவமாக இருந்திருக்கும்.

வண்டி நின்றது. பெண்கள் களைக்கொத்தோடு குதித்து இறங்கினார்கள். செவ்வந்தி மெதுவாக இறங்கி, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றாள்.

"விஜயா, இன்னிக்கி பொண்ணு பாக்க வரல. உங்க அண்ணன்கிட்ட சொல்லிடு."

விஜயலட்சுமிக்கு ஒன்றும் புரியவில்லை. "இன்னாக்கா திடீர்னு? அங்க கறியெல்லாம் எடுத்துட்டாங்களே. கவியரசனுக்கு இன்னா, எதுனா கொறையா?"

"கொறை ஒண்ணும் இல்ல" என்றாள் செவ்வந்தி. "அதனாலதான் வரல."

சொல்லிவிட்டுக் கொத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள். அன்றைக்குக் கதை சொல்லாமல், தன் பங்குச் சால் முழுவதையும் அவளே வெட்டினாள்.