ஹெட்மாஸ்டர் அறைத் தரை

கொடைக்கானலில் தரை துடைக்கிறது கீழ்நாட்டில் துடைக்கிற மாதிரி லேசுப்பட்ட சோலி இல்லை. மதுரையில் ஒரு வாளித் தண்ணியை விட்டுத் துடைத்துவிட்டு ஃபேனைச் சுற்றவிட்டால் முடிந்தது கதை. இங்கே எந்த வீட்டில் ஃபேன் இருக்கிறது? மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டால் காலையில் போட்ட ஈரம் பொழுது சாய்கிற வரைக்கும் அப்படியே கெடக்கும். அதனால் அமிர்தவல்லி வெந்நீரில்தான் துணியை நனைப்பாள். சொட்டு விழாத அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, உள்மூலையில் ஆரம்பித்து, பின்னாடியே நகர்ந்து வாசலுக்கு வருவாள். அப்புறம் காய்ந்த துணியால் இன்னொரு தடவை ஒட்டத் துடைப்பாள். அவள் துடைத்த தரையில் காலுறை போட்டுக்கொண்டு நடக்கலாம் என்று அந்தத் தெருவே சொல்லும்.

வில்பட்டியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். சின்ன வயசில் சிலோன் தோட்டத்திலிருந்து அப்பன் ஆத்தாளோடு கப்பலில் வந்தவள். புருசன் மூக்கையா போய்ச் சேர்ந்தபிறகு நாயுடுபுரத்தில் அந்த ஒரு தெருவில் இருந்த வீடுகள்தான் அவளுக்குச் சோறு போட்டன. அதில் முதல் வீடு சுவாமிநாதன் வீடு. பழனிப் பக்கம் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றால் என்ன, வீட்டுக்குள்ளேயும் இஸ்திரி போட்ட சட்டைதான். பால்காரனிடம் பேசக்கூட மேல்பித்தான் போட்டுக்கொண்டுதான் வருவார். அவர் சம்சாரம் தமயந்தியே அவர் முன்னால் கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்பாள்.

அப்படிப்பட்ட மனுசனுக்கு வந்த சீக்கைப் பாருங்கள். ஒரு ஆபரேஷனுக்குப் பிறகு அவருக்கு ஒண்ணுக்கு அடக்க முடியாமல் போய்விட்டது. ராத்திரி எழுந்து பாத்ரூம் போவதற்குள் கட்டிலடியிலேயே போய்விடும். தமயந்திக்கு வீசிங், தனி அறையில் படுப்பாள், அவளுக்குத் தெரியாது. முதல் நாள் அமிர்தவல்லி உள்ளே போனபோது அவர் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, தண்ணி பாட்டில் கொட்டிவிட்டது என்றார். வாடை பொய் சொல்லுமா? அமிர்தவல்லி ஒன்றும் கேட்காமல், பாட்டில் மூடி லூசாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பினாயில் ஊற்றித் துடைத்தாள். அன்றிலிருந்து தினமும் பாட்டில் கொட்டியது. தமயந்தி குளித்து சாமி கும்பிட்டு வருவதற்குள் அவர் அறையைத்தான் முதலில் முடிப்பாள். அவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் அவள் வாளியோடு வெளியே போகும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாருக்கும் கதவு பிடித்தே பழக்கமில்லாத மனுசன்.

குறிஞ்சி பூத்த வருசம் அது. பூப் பார்க்க வந்த வண்டிகளால் ரோடு அடைத்துக்கொண்டு அன்றைக்கு பஸ் நேரமாகிவிட்டது. அவள் பின்வாசல் வழியாக ஓட்டமும் நடையுமாக நுழையும்போதே தொப்பென்று சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், அய்யா தரையில் கெடக்கிறார். வாளி கவிழ்ந்திருக்கிறது. இவள் வரக் காணோமே, பெண்டாட்டி வந்துவிடுவாளே என்று அவரே துடைக்கப் பார்த்திருக்கிறார், பாவி மனுசன். ஜென்மத்தில் துணியைத் தொட்டிருந்தால்தானே பிழியத் தெரியும். தண்ணியை அப்படியே கொட்டி இழுத்திருக்கிறார், மொசைக் தரை வாரிவிட்டுவிட்டது.

அவள் அவரைத் தூக்கப் போகாமல், கைப்பழக்கத்தில் முதலில் துணியைத்தான் எடுத்தாள். அந்த நேரம் பார்த்துத் தமயந்தி ஈரத் தலையோடு ஓடி வந்தாள். குளிக்கிற சத்தத்தில் இவள் எப்போது வந்தாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

"ஏண்டி, தண்ணிய இப்படியா விட்டு வைப்ப?"

சுவாமிநாதன் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு அமிர்தவல்லியைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

"நான்தாம்மா, ஒட்டத் தொடைக்காம விட்டுட்டேன்" என்றாள்.

அன்றைக்கே வேலை போயிற்று. சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வீடாக, நாளையிலிருந்து வேண்டாம் என்றார்கள். அவளும் வாயைத் திறக்கவில்லை. அய்யா நல்லபடியாக எழுந்து வந்து, தானே தண்ணியைக் கொட்டிவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினாள். அவர் எழுந்து வரவில்லை. மதுரை ஆஸ்பத்திரியில் இடுப்பெலும்புக்கு வைத்தியம் பார்க்கும்போதே நெஞ்சில் சளி கட்டி, பொணமாகத்தான் மலையேறினார்.

அமிர்தவல்லிக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. வாசலில் நிற்கத் துணிச்சல் இல்லாமல் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்கிட்டேயே நின்றாள். கொட்டுச் சத்தம் வளைவைத் தாண்டி இறங்கியதும் வீட்டுப் பெண்கள் வாளி வாளியாகத் தண்ணியை ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். பொணம் எடுத்த வீட்டுத் தண்ணி கொல்லைக்கு வந்து அவள் காலை நனைத்தது. ஒருத்தரும் துணியைப் பிழிந்து அந்தத் தரையைத் துடைக்கவில்லை.

தமயந்தி தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொள்ளப் பின்பக்கம் வந்தவள் அவளைப் பார்த்து நின்றுவிட்டாள். திட்டப் போகிறாள் என்று அமிர்தவல்லி ஒடுங்கினாள்.

"எல்லாம் சொல்லிட்டாரு அமிர்தம்" என்றாள் தமயந்தி. "கடைசியா பேசுனதே அதுதான். நீ தினம் பண்ணது, அன்னைக்கு நீ ஏத்துக்கிட்டது, எல்லாம்."

அமிர்தவல்லிக்கு நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கிற்று. அம்மாவுக்குத் தெரியும். இனி தெருவுக்கும் தெரியும். கையெடுத்துக் கும்பிட்டாள். தமயந்தி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"ஆனா இத வெளிய சொல்ல முடியாதும்மா. அவரே தண்ணிய ஊத்துனாருன்னு சொன்னா, துணியத் தொடாத மனுசன் எதுக்கு ஊத்துனாருன்னு கேப்பாங்க. எம்மகன் கேப்பான். அவர் மானம் போயிரும். நீ ஏத்துக்கிட்டது அப்படியே இருக்கட்டும். எனக்காக இல்ல, அவருக்காக."

வாசல் பக்கம் யாரோ இன்னொரு வாளியைக் கவிழ்த்தார்கள். அமிர்தவல்லி "சரிங்கம்மா" என்றாள். போகத் திரும்பியவளால் அடக்க முடியவில்லை.

"பழி இருக்கட்டும்மா, சொமக்கிறேன். ஆனா அய்யாவ நான்தான் கொன்னேன்னு தெரு சொல்லுது. கொன்னவ அவருக்காக எங்க போயி அழுவேன்? ஒரு தடவ அவர் மொகத்தப் பாக்கக்கூட முடியலயே."

தமயந்தி வாயைத் திறந்தாள். அதற்குள் கொள்ளி வைக்கப் போயிருந்த மகன் ராஜமுருகன், மறந்துபோன நெய்யை எடுத்துவரச் சொல்லிப் பாதி வழியிலிருந்து அனுப்பிய பையன் வந்துவிட்டான். வந்தவன் கூடத்திலிருந்தே சத்தம் கொடுத்தான். பின்னால் யாரோ பேசுகிற மாதிரி இருக்கிறதே, யார் என்று கேட்டான்.

தமயந்தி அமிர்தவல்லியின் கையை விட்டாள்.

"யாருமில்லப்பா" என்றாள்.

அமிர்தவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு கொல்லைப் படியில் இறங்கினாள். தெருவில் ஜன்னல்கள் திறந்திருந்ததால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அழாமல் போனாள்.