காலி வண்டிச் சத்தம்

என் அக்கா பஸ் ஓட்டுகிறாள். எலெக்ட்ரிக் கிதாரும் வாசிக்கிறாள். இந்த இரண்டையும், என்னிடம் எதுவும் கேட்காதவர்களிடம்கூட, நானாகப் போய்ச் சொல்வேன். அந்தக் கிதாரை முதலில் வாங்கியவன் நான். கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் கார்டுகளில் நான்கைக் கற்றுக்கொண்டு, ஐந்தாவதில் விரல் வலித்து, அவளிடம் தள்ளிவிட்டேன். ஆகவே அவள் வாசிப்பில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் கருத்து. அவள் கருத்தை நான் கேட்டதில்லை.

அக்காவின் பஸ் பணிமனை ஆண்டுவிழாவில் ஊழியர்களின் இசைக்குழு மேடையேறுவதாக இருந்தது. பாட்டின் நடுவே கிதார் தனியாக வரும் ஒரு பகுதி. அதை அக்காவே மெட்டமைத்திருந்தாள். கடைசி டிரிப் முடித்து வந்து, சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்து உருவாக்கியது.

அதற்காக ஒரு பெடல் வாங்கிக் கொடுத்தேன். உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி. பெரிய பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் எப்படியெல்லாம் உறுமுமோ, அதையெல்லாம் டிஜிட்டலில் மிமிக்ரி செய்யும். காலால் அழுத்தினால் சாதுவான கிதார் கர்ஜிக்கத் தொடங்கிவிடும். கொடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். சத்தத்தையும் நானே சரிசெய்து தருகிறேன் என்று முந்திக்கொண்டேன்.

அறையைவிட்டுச் சத்தம் வெளியே வந்தால் நானும் வெளியேதான் என்று மனைவி சொல்லியிருந்ததால், ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தேன். அடிக்குரலான பேஸ் முழுசு, கீச்சுக்குரலான ட்ரெபிள் முழுசு, இரண்டுக்கும் நடுவில் இருக்கும் மிட் சுத்தமாகப் பூஜ்யம். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் திருகு இதற்குமேல் திரும்பாது என்னும் அளவுக்கு. காதுக்குள் மலை சரிந்தது. தலையில் முடி இருந்திருந்தால் சிலிர்த்திருக்கும். ‘இடிமழை’ என்று பெயர் வைத்து ஒன்றாம் எண்ணில் சேமித்தேன்.

“அக்கா, நீ எதையும் தொடாத. மிதிச்சா போதும்.”

விழாவன்று மதியம் பஸ் கொட்டகையில் ஒத்திகை. ட்ரம்ஸ், டயர் பிரிவு அண்ணன். கீபோர்டு, கணக்குப் பிரிவுக்காரர். பேஸ் கிதார், ஒரு கண்டக்டர். பாட்டு தொடங்கியது. நடுப்பகுதி வந்தது. அக்கா மிதித்தாள்.

இடியும் இல்லை, மழையும் இல்லை. தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட குளவி மாதிரி ஏதோ ஒன்று ரீங்கரித்தது. அதையும் ட்ரம்ஸ் விழுங்கிவிட்டது.

எதிரே நின்று கேட்டுக்கொண்டிருந்த பணிமனை மேலாளர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்தார். “ஏம்மா, வாசிக்கிறீங்களா, சும்மா மாட்டிக்கிட்டு நிக்கிறீங்களா?”

“அந்த இடத்த வேணா நான் நிரப்பிடறேன் சார்,” என்றார் கணக்குப் பிரிவுக்காரர். மனிதர் அதற்காகவே காத்திருந்தார் போலிருக்கிறது.

“இன்னொரு தடவ பாப்போம். அப்பவும் கேக்கலன்னா கீபோர்டுலயே வெச்சுக்கலாம்,” என்றார் மேலாளர்.

நான் பாய்ந்து போய் வால்யூமைக் கூட்டினேன். இப்போது குளவி கொஞ்சம் பெரிதாகியிருந்தது.

அக்கா கிதாரைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினாள். “உனக்குத் தெரிஞ்ச நாலையும் வாசி. டயர் அண்ணே, எல்லாரும் கூடவே அடிங்க.” அவள் கொட்டகையின் கடைசித் தூண்வரை நடந்துபோய்க் கைகட்டி நின்று கேட்டாள். காலையில் வண்டியை எடுக்குமுன் அதைச் சுற்றிவந்து பார்ப்பாளே, அதே முகம். திரும்பி வந்தாள்.

“இத எங்க வெச்சு சரிபண்ண?”

“வீட்ல. ஹெட்ஃபோன்ல.”

“தனியாவா?”

“அப்ப நல்லாத்தான் இருந்துச்சு.”

“காலி வண்டி நல்லாத்தான்டா ஓடும். ஆளுங்க ஏறணும்ல?”

பெடல் முன்னால் மண்டியிட்டாள். டிஸ்டார்ஷனைப் பாதிக்கு இறக்கினாள். பேஸைக் குறைத்து, “இது அவரோட சீட்டு,” என்று பேஸ் கிதார்க்காரரைக் காட்டினாள். ட்ரெபிளைக் குறைத்து, “இது டயர் அண்ணன் அடிக்கிற தட்டுக்கு.” நான் பூஜ்யத்தில் வைத்திருந்த மிட்டைப் பாதிக்குமேல் ஏற்றினாள். “இங்கதான் யாருமே உக்காரல. இது எனக்கு.”

கிதாரைத் தானே மாட்டிக்கொண்டு ஒரு கம்பியை மீட்டினாள். சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி இருந்தது.

“அக்கா, கேவலமா இருக்கு.”

“இருக்கட்டும். அடிங்கண்ணே!”

ட்ரம்ஸ் விழுந்தது, பேஸ் சேர்ந்தது. அந்தச் சளிக்குரல் எல்லோருக்கும் நடுவே வழி கேட்டு, இடம் பிடித்து, நேராகக் கடைசித் தூணைப் போய்த் தொட்டது. மேலாளரின் கை காதிலிருந்து தானாக இறங்கியது. கணக்குப் பிரிவுக்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலையாட்டத் தொடங்கினார். பாவம், நல்ல மனிதர்தான்.

முடித்ததும் அக்கா பெடலில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தாள். விளக்கு கண்சிமிட்டியது.

“என்ன பண்ற?”

“இதயே வெச்சுக்கறேன். ஒண்ணாம் நம்பர்ல.”

“ஐயோ, அது இடிமழை!”

“என்ன மழை?”

போயே போய்விட்டது. வேறு எங்கும் நான் அதைச் சேமிக்கவில்லை.

மாலை, முன்வரிசையில் இடம் பிடித்தேன். நடுப்பகுதி வந்தது. அக்கா மிதித்தாள். அவளோடு தினமும் வண்டி எடுக்கிறவர்கள், பல்லைக் காட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக நிமிர்ந்தார்கள். கடைசி வரிசையில் யாரோ பெஞ்சின்மேலேயே ஏறிவிட்டார். அவள் யாரையும் பார்க்கவில்லை. வளைவில் வண்டியைத் திருப்பும்போது கீழுதட்டைக் கடிப்பாள், அப்படிக் கடித்துக்கொண்டு வாசித்தாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். தூசி. பஸ் கொட்டகை அல்லவா?

பக்கத்தில் இருந்தவர் காதருகே கத்தினார். “சத்தம் அருமையா இருக்கே! யாருங்க செட் பண்ணது?”

‘நான்தான்’ என்பது நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன்.

“எங்க அக்காதான்,” என்றேன்.

பிறகு இந்தப் பக்கம் திரும்பி, எதுவுமே கேட்காமல் உட்கார்ந்திருந்தவரிடமும் சொன்னேன்.