சும்மா கிடந்த வண்டி

கஜேந்திரன் மனைவியைக் கை நீட்டி அடித்தவன் இல்லை. குரலை உயர்த்தியதுகூட இல்லை. பண்டாரவளையில் அவனைத் தெரிந்த பெண்கள் சுபாஜினியைக் கொடுத்து வைத்தவள் என்பார்கள். கத்துகிற புருஷனிடம் திருப்பிக் கத்தலாம். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிறவனிடம் என்னத்தைக் கத்துவது?

கூரைகளில் சோலார் தகடு பொருத்துவது அவன் தொழில். பெற்றோலுக்கு வரிசையில் கிடந்து சீரழிந்த காலத்தில் ஒரு சபதம் எடுத்தான்: இனி இந்த வீட்டில் ஒரு சொட்டுப் பெற்றோல் எரியக் கூடாது. தனக்கொரு மின்சாரக் கார் வாங்கினான். சுபாஜினிக்கும் ஜப்பானில் பாவித்த சின்னது ஒன்று வந்தது. மிச்சம் இருந்தது அவளுடைய பழைய சிவப்புக் கார்தான். அது அவள் பெயரில் இருந்தது. அவள் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது.

புதுக் காரை ஆசையோடுதான் ஓட்டினாள். தான் படிப்பிக்கும் பாலர் பாடசாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒருநாள் அதிலேயே கொஸ்லந்தைக்கு இறங்கினாள். அம்மா வேலாயி பக்கவாதத்தில் அங்கே தேயிலைத் தோட்டத்து லயத்து அறையில் கிடக்கிறாள். தங்கை தயானி காலையில் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்க மலை ஏறிவிட்டால், அந்தி வரை அம்மாவுக்கு வாயில் தண்ணீர் விட ஆளில்லை. சுபாஜினி அவளைக் குளிப்பாட்டிச் சோறூட்டிவிட்டுத் திரும்பினாள். அன்று இரவு கஜேந்திரன் குழம்பை ஊற்றிக்கொண்டே கேட்டான்.

"கொஸ்லந்தைல மழையா?"

அங்கே போனதை அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. களவு போனால் கண்டுபிடிக்க என்று காரில் ஒரு கருவி வைத்திருந்தானாம். கார் போகிற இடமெல்லாம் அவன் ஃபோனில் தெரியுமாம். சுவரில் இருக்கிற சார்ஜரையும் அதே ஃபோன்தான் ஆட்டி வைத்தது. மறுநாளிலிருந்து பாதிக்கு மேல் சார்ஜ் ஏறவில்லை.

"பேட்டரிக்கு அதுதான் நல்லது. ஒனக்கு ஸ்கூலுக்குப் போய் வரத் தாராளம்."

"அம்மாவப் பாக்கப் போகணும்னா?"

"லயத்துல இருந்து ஏறி வர எவ்வளவு பாடுபட்டோம் சுபா. இறங்க ஒரு நாள் போதும்." அவனும் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவன்தான். தீபாவளிக்குக்கூட அந்தப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை.

பாதிச் சார்ஜில் கொஸ்லந்தை வரை இறங்கிவிடலாம். திரும்பும்போது பெரகலை ஏற்றத்திலேயே வண்டி படுத்துவிடும். பஸ்ஸில் போனாலோ இருட்டிய பிறகுதான் வீடு. அதனால் அவள் சிவப்புக் காரை எடுத்தாள். அவன் தன் சோலார் கடையில் இருக்கும் நேரம் பார்த்துப் போய் வந்தாள். பெற்ற தாய்க்குச் சோறூட்டக் களவாணி மாதிரிப் போக வேண்டியிருந்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் போனாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் வந்து கைகால் கழுவுவதற்குள் கஜேந்திரன் பதுளையிலிருந்து பழைய வாகன வியாபாரி மபாஸைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏங்க, வீட்ல ஒன்னாவது பெற்றோல்ல ஓடட்டுமே," என்றாள் சுபாஜினி. "போன மழைக்கு மரம் விழுந்து கரண்ட் இல்லாமக் கிடந்தோமே."

"வீட்டுக்கு பேட்டரி போட்டுட்டோமே."

"ரெண்டும் ஒரே நேரம் நின்னுட்டா?"

"ஏன் நிக்குது?" சிரித்தான். அவனிடம் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது, பாதி நியாயமான பதிலும்கூட. உண்மைக் காரணத்தை அந்நிய மனிதர் முன்னால் எப்படிச் சொல்வது என்று அவள் தவித்தாள்.

"மாசக்கணக்கா சும்மா கிடக்குது பாய், பாருங்க," என்றான் கஜேந்திரன்.

மபாஸ் காரருகே போய் பொனட்டில் கை வைத்தார். வைத்த கையை உடனே எடுத்தார்.

"சும்மா கிடந்த வண்டின்னு சொன்னீங்க. கொதிக்குதே!"

கஜேந்திரன் திரும்பிப் பார்த்தான். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "சுபா, நீ கையெழுத்தைப் போடு," என்று பேனாவை நீட்டினான்.

அவள் பேனாவை வாங்கவில்லை. ஒளிக்க இனி எதுவும் இல்லை.

"இத விக்கிறதில்ல பாய். அம்மா வீட்டுக்குப் போறதுக்கு எனக்கு வேற வண்டி இல்ல."

மபாஸ் ஒருவரையும் நிமிர்ந்து பார்க்காமல் கொடுத்திருந்த தேநீரைக் குடித்து முடித்து, "நல்லது தங்கச்சி," என்று கிளம்பினார். கஜேந்திரன் அவரை வாசல் வரை போய் வழியனுப்பினான். சண்டை வரும் என்று அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவர்கள் வீட்டுக்கு ஏறும் பாதை ஒரு கார் அகலம்தான். சிவப்புக் கார் மதிலோரம் நின்றது. அவன் தன் காரைக் கொண்டுவந்து அதன் பின்னால் ஒட்டி நிறுத்திச் சார்ஜரில் மாட்டினான். மறுநாளும் அதை அங்கிருந்து எடுக்கவில்லை. கடைக்கு அவளுடைய சின்னக் காரை எடுத்துப் போனான். பாலர் பாடசாலைக்கு அவளை அவனே இறக்கிவிட்டான், அவனே ஏற்றி வந்தான். புருஷன் காரில் ராணி மாதிரி வருகிறாள் என்றார்கள் மற்ற ஆசிரியைகள்.

அடுத்த சனிக்கிழமை காலை அவள் சோற்றுப் பாத்திரத்தைப் பையில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"கார எடுங்க. நான் போகணும்."

"சார்ஜ் ஏறுதே சுபா. இடையில கழட்டக் கூடாது."

அவன் சிரித்த சிரிப்பை அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு மதிலுக்கும் காருக்கும் நடுவிலிருந்த சந்தில் உடம்பை ஒடுக்கி வெளியே வந்து, பாதையில் இறங்கி நடந்தாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கண்டக்டர் வந்து, "எங்கக்கா?" என்றான்.

"ஹப்புத்தள," என்று வழியில் இருக்கிற ஊரின் பெயர் வாயில் வந்துவிட்டது.

அவன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் நகர்ந்தான். அவள் அதைப் பார்த்தபடி இருந்தாள். எதற்காக அப்படிச் சொன்னாள்? முன்பின் தெரியாத கண்டக்டரிடமும் ஒளிக்கிற அளவுக்கா பழகிவிட்டாள்? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"தம்பி, ஹப்புத்தள இல்ல. கொஸ்லந்தைக்குக் குடுங்க. எங்கம்மாவுக்குச் சோறு கொண்டு போறேன்."