புதிய நிதி இயக்குநரின் கேக்

யோரிஸ் வெல்ட்காம்ப் எந்த வருஷம் எங்கே வேலை பார்த்தான் என்று அவனைப் பெற்றவளுக்குக்கூட வரிசையாகச் சொல்லத் தெரியாது. ரூலோஃபுக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பான். ஆர்ன்ஹெமில் ஒரு தணிக்கை நிறுவனத்தில் மூன்று வருஷம். பிறகு டெவென்டரில் இந்தப் பம்ப் கம்பெனியில், ரூலோஃபுக்குப் பக்கத்து மேஜையில், ஐந்து வருஷம். அப்புறம் சிங்கப்பூர் கிளைக்கு நிதி மேலாளர். அங்கிருந்து போலந்துத் தொழிற்சாலை. அங்கிருந்து ரோட்டர்டாமில் ஒரு கப்பல் கம்பெனிக்குத் துணை நிதி இயக்குநர். இணையத்தில் யோரிஸின் பதவி மாறும் ஒவ்வொரு முறையும் முதலில் பார்ப்பவன் ரூலோஃப்தான். உடனே "மனமார்ந்த வாழ்த்துகள்!" என்று எழுதிப் போடுவான். போட்டுவிட்டு அன்று முழுக்க யாரோடும் முகம் கொடுத்துப் பேச மாட்டான்.

அந்தச் சிங்கப்பூர் இருக்கிறதே, அதுதான் அவன் வயிற்றில் அணையாமல் எரிகிற அடுப்பு. முதலில் அவனைத்தான் கேட்டார்கள். "போலாம் ரூலோஃப், ஊரைப் பாத்த மாதிரியும் இருக்கும்" என்று மனைவி டினேகே குதித்தாள். ஐயா என்ன சொன்னார் தெரியுமா? "இப்பத்தானே சமையலறையைப் புதுசாப் போட்டோம்!" என்றார். பக்கத்து மேஜைக்காரன் போனான். அன்றிலிருந்து அந்தச் சமையலறையின் நீல ஓடுகள் ரூலோஃபின் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கின்றன.

இந்த வசந்தத்தில் கம்பெனியின் நிதி இயக்குநர் ஓய்வு பெற்றார். பதினோரு வருஷமாக அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு எண் பிசகாமல் அறிக்கை தயாரித்துக் கொடுத்தவன் ரூலோஃப். இந்த நாற்காலியாவது தனக்கு வர வேண்டும், வராவிட்டால் இந்த ஜன்மத்தில் ஒன்றும் கிடையாது என்று அவன் முடிவே கட்டிவிட்டான். மூன்று பேரை நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மற்ற இருவர் யாரென்று யாருக்கும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை நேர்காணல் முடிந்து வெளியே வந்தபோது, மேற்பார்வைக் குழுவின் தலைவி ஹெட்விக் அவனை நிறுத்தினாள்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு கேன்டீன்ல அறிவிக்கிறோம். நீங்க கண்டிப்பா இருக்கணும், ரூலோஃப்."

கண்டிப்பா இருக்கணும்! அதற்கு வேறென்ன அர்த்தம்? அவனுக்குத் தரையில் கால் பாவவில்லை.

பதவி வந்தவன்தான் ஆபீசுக்கு இனிப்பு வாங்கிப் போட வேண்டும். அவன் வழக்கமாக வாங்கும் பேக்கரியோ ஞாயிறும் திங்களும் பூட்டு. பெரிய ஆர்டரை இரண்டு வேலை நாள் முன்னாலேயே கேட்பார்கள்; செவ்வாய்க்கு வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமையே சொல்லியாக வேண்டும். வெள்ளி மதியம் போய் நின்றான்.

"நூத்தி இருபது டொம்பூஸ். செவ்வாய் பத்தேகாலுக்கு கம்பெனி கேன்டீனுக்கு."

மொறுமொறுப்பான இரண்டு தகடுகள், நடுவே விரல் தடிமனுக்குக் கஸ்டர்ட், மேலே இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பூச்சு. யார் கடித்தாலும் நாலா பக்கமும் பிதுங்கும்.

"நூத்தி இருபதா! என்ன விசேஷம்?" என்று கடைக்காரம்மா கண்ணை விரித்தாள். "அட்டையில என்ன எழுதட்டும்?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா? நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான்: "'உங்கள் புதிய நிதி இயக்குநரின் அன்பளிப்பு'ன்னு எழுதுங்க. பேரு வேண்டாம். எல்லாருக்கும் தெரியும்."

திங்கட்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஹெட்விக் போன் செய்தாள். சுற்றி வளைக்கிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"ரூலோஃப், நீங்க இல்லை. நேர்ல கேட்டு அதிர்ச்சியாக வேண்டாம்னு முன்னாடியே சொல்றேன்."

"யாரு?"

"யோரிஸ் வெல்ட்காம்ப். உங்களுக்குத் தெரியுமாமே?"

"ஏன் நான் இல்லை?"

"நீங்க தப்பு கண்டுபிடிக்கிறதுல கெட்டிக்காரர். ஆனா முடிவு எடுக்கச் சொன்னா, இன்னொரு அட்டவணை போட்டுக்கிட்டு வர்றீங்க. நாளைக்கு நீங்க அவர் பக்கத்துல நிக்கணும். அதனாலதான் கண்டிப்பா இருக்கணும்னு சொன்னேன்."

ஆறு மணிக்குச் சாப்பாட்டு மேஜையில், கீரை போட்டு மசித்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் கிண்டிக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். டினேகே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு அவன் டொம்பூஸ் விஷயத்தையும் சொன்னான். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"பதவி வர்றதுக்கு முன்னாடியே கேக்கா? ஐயோ ரூலோஃப்!"

"கத்தாதே. கடை இன்னிக்குப் பூட்டு, நிறுத்தவும் முடியாது."

"சரி, ஒண்ணும் கெட்டுப் போகலை. புது ஆளுக்காக நான் வாங்கினேன்னு சொல்லிடு. பெரிய மனசுக்காரன்னு பேராவது கிடைக்கும்."

அவளுக்கு எப்போதும் மூளை வேகமாக வேலை செய்யும். ரூலோஃபுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. யோரிஸுக்குக் கேக் வாங்கிக் கொடுத்தவனாக நடிப்பதை நினைத்தாலே குமட்டியது. ஆனாலும் மானம் பிழைத்தால் போதும் என்று மனதைத் தேற்றிக்கொண்டான். அட்டை ஒன்று இருப்பதை அவன் அவளிடம் சொல்லவில்லை. அவனுக்கே அது மறந்து போயிருந்தது.

செவ்வாய்க்கிழமை மழை பிடித்துக்கொண்டது. புதிய நிதி இயக்குநர் யோரிஸ் ஸ்டேஷனிலிருந்து வாடகை சைக்கிளில், மழைக்கோட்டில் சொட்டச் சொட்ட வந்து இறங்கினான். காரில் வந்திருந்தால் திமிர் என்று திட்டலாம். அதற்கும் வழியில்லை. தலையில் ஒரு முடி கொட்டவில்லை, தொப்பையும் போடவில்லை. ஐம்பத்திரண்டு வயதுக்கு இதெல்லாம் அடுக்குமா?

"ரூலோஃப்! டேய், எத்தனை வருஷம் ஆச்சு!" என்று தோளைக் கட்டிக்கொண்டான். ரூலோஃபின் சட்டை நனைந்தது.

கேன்டீனில் ஹெட்விக் ஒரு தாளை வைத்துக்கொண்டு யோரிஸ் வந்த பாதையை வாசித்தாள். ஆர்ன்ஹெம், டெவென்டர், சிங்கப்பூர். ரூலோஃபின் உதடு அவளுக்கு முன்னாலேயே அசைந்தது. "போலந்தில் மூன்று வருஷம்" என்றாள். நாலு, என்று அவன் முணுமுணுத்தான். எல்லாரும் கை தட்டினார்கள். அவனும் தட்டினான்.

அந்த நேரம் பார்த்து பேக்கரிக்காரன் பத்துப் பெட்டிகளைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு வந்தான். ரூலோஃப் தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தான். அதற்குள் வரவேற்பில் இருக்கும் கொன்னி முதல் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துவிட்டாள். அப்போதுதான் அவனுக்கு அட்டை ஞாபகம் வந்தது.

"'உங்கள் புதிய நிதி இயக்குநரின் அன்பளிப்பு'!" என்று கொன்னி ஊருக்கே கேட்கும்படி படித்தாள். "அடடா யோரிஸ்! வந்து கால் மணி நேரம் ஆகலை, அதுக்குள்ள ட்ரீட்டா?"

யோரிஸ் விழித்தான். அட்டையை வாங்கிப் பார்த்தான். பெட்டிகளைப் பார்த்தான். பிறகு கூட்டத்தில் கண்ணை ஓட்டி, சுண்ணாம்பாய் வெளுத்து நின்ற ரூலோஃபின் முகத்தில் நிறுத்தினான். ஐந்து வருஷம் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவனுக்கு அந்த முகத்தைப் படிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

"ஆமா, நான்தான்" என்றான் யோரிஸ். அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "ஆறிப் போற பண்டம் இல்லை, ஆனாலும் சீக்கிரம் சாப்பிடுங்க."

தப்பித்தான் ரூலோஃப். எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு டொம்பூஸை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றிருந்தால், அன்றைய நாள் எல்லா நாளையும் போலப் போயிருக்கும்.

"இதுதான்யா தலைவன்" என்றான் கிடங்கில் வேலை பார்க்கும் ஹார்ம், வாயெல்லாம் கஸ்டர்ட். "நாற்காலியில உக்கார்றதுக்கு முன்னாடியே வாங்கிப் போட்டான் பாரு. நம்ம ரூலோஃப் இத்தனை வருஷத்துல என்ன கொண்டாந்தான்? ஒரு பிஸ்கட் டப்பா. அதுவும் நமுத்துப் போனது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "நல்ல ருசி யோரிஸ், எந்தக் கடை?" என்று ஒருத்தி கேட்டாள். யோரிஸுக்கு எந்தக் கடையென்று எப்படித் தெரியும்? அவன் சிரித்து மழுப்பினான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ரூலோஃபுக்குள் பொறாமை பொங்கி மேலே வந்தது. இருபது வருஷத்துப் பொறாமை.

"நான் வாங்கினது!" என்று கத்தினான்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான்தான் ஆர்டர் பண்ணேன். வெள்ளிக்கிழமையே. அவன் இல்லை, நான்!"

கொன்னி நெற்றியைச் சுருக்கினாள். கணக்கில் அவள் கொஞ்சம் மெதுவு. ஆனால் வந்து சேர்ந்துவிடுவாள்.

"ஆனா அட்டையில புதிய நிதி இயக்குநர்னு..." என்று ஆரம்பித்தவள் வாயில் கை வைத்தாள். "ஐயோ ரூலோஃப். அப்போ இது உனக்குன்னு நீயே வாங்கினதா?"

ஹார்ம்தான் முதலில் சிரித்தான். அப்புறம் ஒவ்வொருவராக, சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தவர்களும் சேர்ந்து, கேன்டீனே குலுங்கியது. சிரிக்காதவன் ஒரே ஒருவன். யோரிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் சிரித்துத் தொலைத்திருந்தால் ரூலோஃபுக்கு அவனை நிம்மதியாக வெறுக்க ஒரு காரணமாவது கிடைத்திருக்கும்.

மாலையில் மீதியிருந்த நான்கை ஒரு பெட்டியில் போட்டு யோரிஸே ரூலோஃபின் அறைக்குக் கொண்டுவந்தான். "டினேகேக்குக் குடு" என்றான். திரும்பிப் போய்விட்டான்.

டினேகே சமையலறையில் நின்றபடியே முழுக் கதையையும் கேட்டாள்.

"அவன்தான் தான் வாங்கினதா ஒத்துக்கிட்டானே! நீ வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா தப்பிச்சிருப்பியே?"

"சிங்கப்பூரை எடுத்துக்கிட்டான். நாற்காலியை எடுத்துக்கிட்டான்." அவன் குரல் உடைந்தது. "கேக்குமா டினேகே? அதையுமா அவனுக்கு விட்டுக்குடுக்கணும்?"

அவள் பெட்டியைப் பிரித்து, ஒன்றைத் தட்டில் வைத்து அவன் முன்னால் தள்ளினாள்.

"சிங்கப்பூரை அவன் எடுத்துக்கலை ரூலோஃப். நீ வேண்டாம்னு சொன்னே. இதே இடத்துல உக்காந்துதான் சொன்னே."

நீல ஓடுகளைப் பார்த்துக்கொண்டே டொம்பூஸைக் கடித்தான். கஸ்டர்ட் பிதுங்கிச் சட்டையில் விழுந்தது. நன்றாகத்தான் இருந்தது. எல்லாரும் யோரிஸிடம் சொன்னது போலவே இருந்தது.