முப்பத்தோராவது கொக்கி

ஞாயிறு ஆராதனை தொடங்க நான்கே நிமிடங்கள். கதவோரம் அந்தக் குளிரில் பூட்டுக்காரர் நின்றிருந்தார்.

எதிர்ச் சுவரில் நீளமாக ஒரு பலகை. பலகையில் முப்பத்தொரு இரும்புக் கொக்கிகள். முப்பத்தொன்றிலும் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது.

ஒன்பது வருடங்களாக நடக்காத காரியம் அது.

அந்த ஜெபவீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஏரிக்கரையில் முதன்முதலாக நாலு சுவர் எழுப்பிக் கூடிய குடும்பங்கள் ஏற்படுத்தியது. சபையில் ஆளுக்கு ஒரு கொக்கி. வந்ததும் அவரவர் கோட்டை அவரவர் கொக்கியில் மாட்டிவிட்டு உட்கார வேண்டும். எல்லாக் கொக்கியும் நிறைந்த பிறகுதான் கதவைத் தாழிடலாம். ஒன்று காலியாக இருந்தாலும் கதவு திறந்தே கிடக்கும். உள்ளே இருப்பவர்கள் பல் கிட்டிக்க உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒருத்தர் வெளியே விறைத்துக்கொண்டு நிற்கும்போது மற்றவர்களுக்கு மட்டும் எதற்குக் கதகதப்பு என்று அந்தக் காலத்து ஆட்கள் நினைத்திருக்கிறார்கள். காய்ச்சலில் படுத்தவர்களின் கோட்டை வீட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து மாட்டிவிடுவார்கள். இறந்தவரின் கொக்கியைக் கழற்றிச் சவப்பெட்டிக்குள் அவர் கையருகே வைத்துவிடுவார்கள். ஆக, கொக்கியும் ஆளும் எப்போதும் சரியாக இருந்தன.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் வரை.

பலகையின் கோடியில் இருந்த முப்பத்தோராவது கொக்கி பூட்டுக்காரரின் மகளுடையது. வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது, போகிறேன் என்றாள். போகக் கூடாது என்றார். பேச்சு முற்றி, "படியிறங்கினா அப்படியே போயிடு" என்று வாயை விட்டார். கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கோபம் தலைக்கேறிய மனுஷன் மறுநாளே வீட்டுப் பூட்டை மாற்றினார். கோபம் இறங்கப் பதினாறு நாள் ஆயிற்று. பழைய பூட்டைத் தேடி எடுத்து, எண்ணெய் விட்டு, மறுபடி பொருத்தினார். அந்தப் பதினாறு நாளில் அவள் வந்தாளா? தன் சாவியைப் போட்டுப் பார்த்தாளா? யாருக்குத் தெரியும். கடிதம் இல்லை, போன் இல்லை.

கனவு மட்டும் வந்தது. பனிமூட்டத்துக்கு நடுவில் ஒரு கதவு தனியாக நிற்கும். சுவர் இருக்காது, கூரை இருக்காது. கதவின் மறுபக்கத்தில் துவாரத்துக்குள் சாவி புரளுகிற சத்தம் கேட்கும். இவர் கதவைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் ஓடுவார். ஓடிப்போய்ப் பார்த்தால் அங்கேயும் இதே பக்கம்தான். சாவிச் சத்தம் இப்போது அந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்.

அவள் கொக்கி காலியாகவே இருந்ததால் ஜெபவீட்டுக் கதவு ஒன்பது வருடம் திறந்தே கிடந்தது; தாழ் போடாமல் அது சாத்தி நிற்காது என்று பூட்டுக்காரர் சொல்லியிருந்தார். ஏரியிலிருந்து பனி எழுந்து, சாவகாசமாகத் தெருவைக் கடந்து, படியேறி உள்ளே வரும். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து காலியிடம் பார்த்து உட்காரும். பாடுகிறவர்களின் வாயிலிருந்து பாட்டு வெண்புகையாகப் புறப்பட்டு அதோடு கலக்கும். பின் வரிசையில் இருப்பவர்களுக்குப் போதகர் ஒரு நிழல்தான்; குரல் மட்டும் எங்கிருந்தோ மிதந்து வரும். "பனிக்கும் ஒரு கொக்கி அடிச்சுக் குடுத்துட்டா விஷயம் முடிஞ்சுது" என்று கிண்டல் செய்வார்கள். ஆனால் கதவைச் சாத்து என்று ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இன்றுதான் ஒருவர் சொன்னார். சபைச் செயலாளர். மூக்கு வரைக்கும் கம்பளித் துணி சுற்றிய மனுஷர். அவர் இல்லாத இடத்தில் அவருக்குப் பெயர் மப்ளர்.

"பூட்டு, தப்பா எடுத்துக்காத. ஆராதனை முடிஞ்சதும் இன்னைக்கு ஆண்டுக் கூட்டம். அந்தக் கொக்கிய எடுத்துடலாமான்னு கேக்கப்போறேன். வந்தா மறுபடி அடிச்சுக்கலாம்."

வாசலில் அவர் இதைச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பூட்டுக்காரர் மெழுகுவத்திகளைச் சரிசெய்துவிட்டு வந்து பார்த்தால், முப்பத்தோராவது கொக்கியில் ஒரு சாம்பல் நிறக் கோட்டு.

பாய்ந்து உள்ளே பார்த்தார்.

கடைசி பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். முன்பின் பார்க்காத முகம். கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பாட்டுப் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மப்ளரும் பலகையைப் பார்த்துவிட்டார். விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினார். முகம் மலர்ந்தது. மலர்ந்தது என்று கண்களை வைத்துத்தான் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் கம்பளிக்குள்.

"நிறைஞ்சிடுச்சுய்யா! ஆண்டவராப் பார்த்து அனுப்பியிருக்கார்" என்றவர் கதவை இழுத்துச் சாத்தினார். துருவேறிய தாழ்ப்பாள் முனகியது.

அந்த முனகல் பூட்டுக்காரரின் கனவில் கேட்ட சத்தம் மாதிரியே இருந்தது. மகள் இந்த நிமிடம் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தால்? இன்னும் இருபது அடி தூரத்தில் இருந்தால்?

"இருங்க" என்றார். யோசிக்கவில்லை. கை தன்பாட்டுக்குப் போய் அந்தச் சாம்பல் கோட்டைக் கொக்கியிலிருந்து எடுத்துப் பக்கத்து முக்காலியில் போட்டது. "இது வேற ஆளோட கொக்கி."

மெதுவாகச் சொன்னதாகத்தான் நினைத்தார். ஆனால் ஜெபவீடு அமைதியாக இருந்தது. கோட்டுப் பையிலிருந்து ஏதோ நழுவித் தரையில் 'டிங்' என்று விழுந்தது.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். முக்காலியில் கிடந்த கோட்டைப் பார்த்தாள். அவளுக்கு வேறு எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து வந்து கோட்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டாள்.

"மன்னிச்சிடுங்கய்யா. தெரியாம மாட்டிட்டேன்."

கதவைத் திறந்துகொண்டு போனாள். மூன்று படி இறங்குவதற்குள் பனி அவளை முழுசாக விழுங்கிவிட்டது. வந்ததே ஒரு தோற்றமோ என்று தோன்றும்படி இருந்தது.

பூட்டுக்காரரின் மனைவி இரண்டாவது பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். குனிந்து, தரையில் கிடந்ததை எடுத்து அவர் கையில் வைத்தாள். சாவி.

"போய்க் குடுத்துட்டு வாங்க."

"எந்தப் பக்கம் போனாளோ..."

"ஒன்பது வருஷமா வராத ஆளுக்கு வழி பார்க்கத் தெரியுது. ஒரு நிமிஷம் முன்ன போன ஆளைப் பார்க்கத் தெரியலையா? போங்க."

அவர் ஓடினார்.

தெரு இல்லை. பத்தடிக்கு ஒரு விளக்குக் கம்பம் முளைத்து, பக்கத்தில் போனதும் மறைந்தது. வீடுகள் கரைந்துவிட்டன, கதவுகள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொன்றும் சாத்தியிருந்தது. பித்தளைப் பூட்டு, இரும்புப் பூட்டு, இலக்கப் பூட்டு. பாதிக்கு மேல் அவரே போட்டவை. ஆழத் தண்ணீரில் நடப்பதுபோல் கால்கள் கனத்தன. கையிலிருந்த சாவியை, பழக்கதோஷம், விரல் தடவிப் பார்த்தது. பல் மழுங்கி, கைப்பிடி தேய்ந்து மெலிந்த சாவி. வருஷக்கணக்கில் ஒரே வீட்டுக்குள் நுழைந்து நுழைந்து தேய்ந்தது.

பேருந்து நிழற்குடையில் அவள் உட்கார்ந்திருந்தாள். கோட்டைப் போட்டுக்கொள்ளாமல் மடியில் வைத்திருந்தாள்.

"சாவிய விட்டுட்டு வந்துட்டீங்கம்மா."

வாங்கிக்கொண்டாள். "இதுக்காகவா ஓடி வந்தீங்க? இதுக்கு வீடு இல்லைங்கய்யா. வெள்ளத்துல போயிடுச்சு. தெருவே போயிடுச்சு."

"அப்புறம் ஏன் வச்சிருக்கீங்க?"

"பையில கைய விட்டா ஏதாவது தட்டுப்படணும்ல."

பூட்டுக்காரர் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியது. எதிரே சாலை இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்றுமே இல்லை.

"மீன் பதப்படுத்துற ஆலையில வேலைக்கு வந்து ஆறு வாரம் ஆச்சு" என்று அவளே பேசினாள். "ஞாயித்துக்கிழமைதான் போகாது. இந்தத் தெருவுல நடப்பேன். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும். உங்களது ஒண்ணுதான் திறந்து கிடக்கும். எதிர்ப் பக்கம் நின்னு பாட்டு கேட்டுட்டுப் போயிடுவேன். யாருக்காகவோ திறந்து வச்சிருக்காங்கன்னு தெரிஞ்சது. யாரா இருந்தாலும் சரின்னு சொல்லிடுவாங்களோன்னு ஒரு ஆசை. இன்னைக்குத்தான் தைரியம் வந்துச்சு."

அந்தக் கதவு வழியாக வரவேண்டியவள் ஒருத்திதான் என்று பூட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அது தெரியவில்லை. ஆறு வாரமாக அது இன்னொருத்தியைக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. கூப்பிட்டு வந்தவளைத் தன் கையாலேயே வெளியே அனுப்பிவிட்டார். பதினாறு நாள் போதாதென்று பதினேழாவது நாளும் பூட்டை மாற்றியாயிற்று.

"எழுந்திருங்கம்மா" என்றார். "பாட்டு முடிஞ்சிருக்கும். பிரசங்கம் ஆரம்பிச்சிருக்காது. ஆரம்பிச்சிருந்தா அந்த அளவுக்கு நமக்கு மிச்சம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே அடங்கியும் விட்டது. "கோட்ட எங்க மாட்டறது?"

"அங்கேயேதான்."

"வேற ஆளோடதுன்னீங்களே."

"என் பொண்ணோடது. வீட்ட விட்டுப் போனவ. தப்பு என்மேல."

அவள் அவரையே பார்த்தாள். "அவங்க ஒரு நாள் வந்து, அங்க என் கோட்டு தொங்கறதப் பார்த்தா?"

அவருடைய பயம் அதுதான். அதை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை.

"பார்த்தா, வந்துட்டான்னு அர்த்தம். அப்புறம் எங்க மாட்டினா என்ன? அவளுக்கு ஒண்ணு அடிச்சுக் குடுக்க எனக்குக் கை இல்லையா?"

திரும்பி வந்தபோது கதவு திறந்துதான் இருந்தது. தாழ்ப்பாள் மேல் கைவைத்தபடி மப்ளர் சிலை மாதிரி நின்றார். மனைவி சாம்பல் கோட்டை வாங்கி, ஈரத்தை உதறி, மகளின் கொக்கியில் தானே மாட்டினாள். பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துப்போய் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து, "கொஞ்சம் தள்ளுங்களேன்" என்று பக்கத்தில் இருந்தவர்களை நெருக்கினாள்.

"இப்பவாவது சாத்தலாமா?" என்று மப்ளர் கிசுகிசுத்தார்.

"கூட்டம் வரைக்கும் பொறுங்க."

கூட்டத்தில் பூட்டுக்காரர் எழுந்து நின்றார். பேசிப் பழக்கமில்லாத மனுஷன். கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"தாழ் போடலைன்னா இந்தக் கதவு நிக்காது, திறந்துக்கும், அதனால ஒண்ணு திறந்து வைக்கணும், இல்ல தாழ் போடணும்னு சொல்லிட்டு இருந்தேன். அது பொய். ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்ச தாழ் ஒண்ணு இருக்கு. சாத்தினா நிக்கும், வெளியில இருந்து அழுத்தினாலும் திறக்கும். ஒரு நாள் வேலை."

"ஒன்பது வருஷமா தெரியுமா உனக்கு?" என்றார் மப்ளர்.

"பூட்டுக்காரனுக்குத் தெரியாதா?"

"ஏன்யா சொல்லல?"

"எனக்கு வீட்டுல குளிருச்சு. உங்களுக்கும் குளிரட்டும்னு இருந்துட்டேன்."

மப்ளர் கழுத்துத் துணியைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். உள்ளே அவருக்குத் தாடி இருப்பது பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஒன்பது வருஷமா எனக்குச் சளிய்யா" என்றார். குரலில் கோபத்தைக் கொண்டுவர முயன்றார், முடியவில்லை. "சரி. கொக்கி விஷயம்?"

"எதையும் கழட்ட வேண்டாம். இன்னும் ஒண்ணு அடிக்கிறேன். அது என்னைக்கும் காலியா இருக்கணும். நிறைஞ்சா, பக்கத்துல அடுத்தது."

"யாருக்கு?"

"தெரியாது. அதான்."

யாரும் கை தூக்கச் சொல்லவில்லை. பின் வரிசையில் யாரோ "ஆமென்" என்றார்கள். அதோடு தீர்மானம் நிறைவேறிவிட்டது.

அடுத்த ஞாயிறு. புதுத் தாழ். இரண்டு பக்கமும் பித்தளைக் கைப்பிடி, உள்ளங்கை பட்டாலே இறங்குகிற மாதிரி. வெளியே பனி வந்து படியில் நின்றது. கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தது. பிறகு உட்கார ஏரிக்கே போய்விட்டது. உள்ளே கதகதப்பில் ஈரக் கோட்டுகள் மெல்ல ஆவி விட்டன. சாம்பல் கோட்டும்தான். அதற்குப் பக்கத்தில் முப்பத்திரண்டாவது கொக்கி புது இரும்பின் நீலப் பளபளப்போடு வெறுமையாக இருந்தது. இரண்டாவது பெஞ்சில் அந்தப் பெண் பாட்டுப் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, வராத ராகத்தைத் தைரியமாகப் பாடினாள்.

பிரசங்கத்தின் நடுவில், கைப்பிடி இறங்கியது.

மற்ற முப்பது தலையும் திரும்பின. பூட்டுக்காரர் மட்டும் திரும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். ஒன்பது வருடம் கனவில் கேட்ட சத்தம் முதல்முறையாகக் கதவின் சரியான பக்கத்திலிருந்து கேட்டது.

கண்ணைத் திறந்தபோது வாசலில் பேருந்து ஓட்டுநர் நின்றுகொண்டிருந்தார். தொப்பி கையில். "பனியில வண்டி எடுக்க முடியல. கொஞ்ச நேரம் உட்காரலாமா?"

பூட்டுக்காரர் எழுந்துபோய்த் தொப்பியை வாங்கினார். புதுக் கொக்கியில் மாட்டினார். இடத்துக்குத் திரும்பியதும் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அங்கே தயாராக இன்னொரு கொக்கி, இரண்டு திருகாணி.

மனைவி குனிந்து அவர் காதருகில் வந்தாள்.

"பிரசங்கம் முடியட்டும். அதுக்குள்ள சுத்தியலத் தூக்கிடாதீங்க."