பலாலியிலிருந்து ரொறன்ரோவுக்கு ஓர் இராப்போசனம்

சண்டிலிப்பாய் இளந்தளிர் இளைஞர் கழகத்தின் வருடாந்த விருது விழா என்றால், போன வருடம் வரைக்கும் அது ஒரு சோற்றுப் பார்சல், ஒரு பிளாஸ்ரிக் வெற்றிக் கிண்ணம், தலைவரின் நீண்ட உரை, அவ்வளவுதான். பார்சலை முதலில் கொடுத்தால் உரைக்கு ஆள் நிற்காது என்பதால், உரை முடியுமட்டும் சோறு ஆறிக்கொண்டிருக்கும். இந்த வருடம் தலைவராக வந்த கோபிசங்கருக்கு இது பிடிக்கவில்லை. கொழும்பில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய் வந்ததிலிருந்து அவன் வாயில் ஒரே சொல்தான்: தீம்.

"இந்தமுறை விமான நிலையம். மண்டபத்துக்குள்ளை வாறவன் பிளேன் ஏறின மாதிரி இருக்கவேணும்."

கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டினார்கள். ஆட்டாவிட்டால் கூட்டம் முடியாது. சாப்பாடு மூடி போட்ட பெட்டியில் வரும், மேடையில் மட்டையால் செய்த விமானம் நிற்கும், வாசலில் கொடுக்கிற நுழைவுச்சீட்டு போர்டிங் பாஸ் மாதிரி இருக்கும். சீட்டு அடிக்கிற வேலை நிருஷனின் தலையில் விழுந்தது. சந்தியில் போன் திருத்தும் கடையும் போட்டோக்கொப்பி மெசினும் வைத்திருக்கிறவன் தலையில் விழாமல் வேறு யார் தலையில் விழும்?

மாதிரிக்கு ஒன்று அடித்தான். பெயர்: நிருஷன். புறப்படும் இடம்: பலாலி. சேருமிடம்: ரொறன்ரோ. திகதி: வருகிற சனிக்கிழமை. அதை மேசைமேல் வைத்து நிறம் பார்த்துக்கொண்டிருந்த நேரம், அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தார் குணலட்சுமி.

குணலட்சுமி யார் என்று சொல்லவேண்டும். நிருஷன் மனதில் வைத்திருக்கிற கஜானியின் தாய். நிருஷன் வீட்டார் பேசப் போனபோது தேத்தண்ணியும் தந்து, பலகாரமும் தந்து, "பொடியன் தங்கமான பொடியன். உள்ளூரிலை நிக்கிறதுதான் குறை" என்று திருப்பி அனுப்பியவர். மகளுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளைதான் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

பலாலியிலிருந்து இந்தியாவைத் தாண்டி ஒரு பிளேனும் போவதில்லை என்பது சண்டிலிப்பாயில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆனால் ரொறன்ரோவைக் கண்ட கண்ணுக்குப் பலாலி எங்கே தெரியப்போகிறது?

"தம்பி, உது உம்மடையோ?"

"இல்லை அன்ரி, உது சும்மா. கழகத்து விருந்துக்கு அடிச்சது. நான் ஒரு இடமும் போகேல்லை."

"ஓமோம்." குணலட்சுமி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அப்பிடித்தான் சொல்லவேணும். பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடாதையும். கண்ணூறு பொல்லாதது."

அப்படிச் சொல்லிவிட்டு நிருஷனைப் பார்த்துச் சிரித்தார். அவர் அவனைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இங்கேதான் வினை. எங்கள் ஊரில் வெளிநாடு போகிறவன் போகிறேன் என்று சொன்னதாகச் சரித்திரமே இல்லை. கொழும்புக்குப் பல்லுக் காட்டப் போறன் என்பான். அடுத்த கிழமை பனிக்குள் நின்று படம் போடுவான். ஆகவே ஒருவன் "போகேல்லை" என்று அடித்துச் சொன்னால் விசா வந்துவிட்டது என்று அர்த்தம்.

மூச்சு விடாதே என்ற குணலட்சுமி, தான் நன்றாகவே மூச்சு விட்டார். அடுத்த நாள் காலையில் தங்கமுத்து மாமி ஒரு பார்சலோடு கடைக்கு வந்தார்.

"கனடாவிலை இருக்கிற மகளுக்குக் கொஞ்சம் மிளகாய்த்தூளும் பனங்கிழங்கு ஒடியலும்."

"மாமி, சத்தியமா நான் போகேல்லை."

"தெரியும் ராசா. பாரம் கூடினால் ஒடியலை எடுத்துப்போட்டுத் தூளைக் கொண்டுபோம்."

பார்சலுக்குமேல் பார்சல். கடை முழுக்கக் கருவாட்டு மணம். எல்லாவற்றுக்கும் மேலே, கஜானியின் மாமன் இராசநாயகம் வந்து நிருஷனின் சாதகக் குறிப்பைக் கேட்டார். "பயணத்துக்கு முன்னம் கலியாண எழுத்தெண்டாலும் எழுதிப்போடுவம்" என்றார். சந்தோசத்தில் துள்ள வேண்டியவன் கடைக் கதவைச் சாத்தினான். கஜானிக்குப் போன் எடுத்தான்.

"நீர் அம்மாட்டைச் சொல்லுமன்."

"எத்தினை தரம் சொல்லிப்போட்டன்," என்றாள் கஜானி. "'உன்னட்டையும் ஒளிக்கிறான், பொறுப்பான பொடியன்' எண்டு சந்தோசப்படுறா."

"சனிக்கிழமை விழாவுக்கு வந்து தன்ரை கண்ணாலை பாத்தா எண்டால்?"

"அதோடை சரி. ஊருக்கு முன்னாலை தன்னை வெக்கப்படுத்தினவன் எண்டு சாகுமட்டும் உங்களை மன்னிக்கமாட்டா."

நிருஷன் கோபிசங்கரிடம் ஓடினான்.

"மச்சான், பிளேன் தீமை மாத்தடா. கடல் எண்டு வைப்பம்."

"விசரோ உனக்கு? பிளேனுக்குப் பெயின்ற் அடிச்சாச்சு."

"செட்டையை வெட்டினால் திமிங்கிலம்தானே."

கோபிசங்கர் அவனை ஏற இறங்கப் பார்த்தான். "உன்ரை கடைப் பூட்டுத் திறப்பைத் தந்திட்டுப் போ. அலங்காரத்துக்குச் சில சாமான் வேணும்." தோற்றுப்போன நிருஷன் என்ன சாமான் என்றுகூடக் கேட்காமல் திறப்பைக் கொடுத்தான்.

சனிக்கிழமை மாலை, இரத்ததான முகாமை நடத்தியதற்காகக் கஜானிக்கு விருது. ஆகவே குணலட்சுமி புதுச் சீலையில் முதல் ஆளாக வந்தார். வாசலில் ஒரு பிள்ளை அவர் கையில் ஒரு போர்டிங் பாஸைக் கொடுத்தது. பெயர்: குணலட்சுமி. பலாலி, ரொறன்ரோ. அவர் அதை வாசித்தார். பின்னால் வந்த தங்கமுத்துவின் கையில் இருந்ததையும் வாங்கி வாசித்தார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். விமானத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி. அதில் பயணப்பொதிகளாக, ஊரார் நிருஷனிடம் கொடுத்த அத்தனை பார்சலும் பெயர் தெரியும்படி அடுக்கப்பட்டிருந்தன. உச்சியில் குணலட்சுமி கனடாவில் இருக்கும் தன் மூத்த மகனுக்குக் கட்டிய பனம்பழப் பினாட்டு.

அவர் போர்டிங் பாஸை இரண்டாக மடித்தார். போய்த் தன் கதிரையில் இருந்தார்.

"பயணிகளின் கவனத்துக்கு," என்று ஒலிவாங்கியில் தொடங்கினான் கோபிசங்கர். விருதுகள் கொடுபட்டன. கஜானி மேடையேறி இறங்கினாள். சாப்பாட்டுப் பெட்டிகள் வந்தன. குணலட்சுமி தன் பெட்டியைத் தொடவில்லை. நிருஷன் பக்கத்தில் போய் நின்றான்.

"அன்ரி, நான் முதல் நாளே சொன்னனான்."

"ஓம். சொன்னனீர்."

அவருடைய கண் கலங்கியிருந்தது. முடிந்தது என் கலியாணம் என்று நினைத்தான் நிருஷன்.

"இரும்," என்றார் குணலட்சுமி. இருந்தான். "மூத்தவன் போய் ஒன்பது வருசம். பேரப்பிள்ளையைப் போனிலைதான் கொஞ்சிறன். இந்தக் கிழமை முழுக்க ஊருக்குச் சிரிச்சுப்போட்டுக் குசினிக்குள்ளை இருந்து அழுதனான். இவளும் போனால் நான் ஆரோடை சண்டை பிடிக்கிறது?"

"பேந்து ஏன் அன்ரி ஓமெண்டனீங்கள்?"

"வெளிநாட்டு மாப்பிள்ளை எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டன். பேந்து என்னெண்டு மாத்திச் சொல்லுறது?" சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். "நீர் உண்மையாவே ஒரு இடமும் போகமாட்டீரோ?"

"இல்லை அன்ரி."

"சத்தியமா?"

அந்தக் கிழமை முழுக்க அவன் இதை ஊருக்கே சொல்லியிருந்தான். அதை நம்ப ஆசைப்பட்டவர் இவர் ஒருவர்தான்.

"சத்தியமா."

அடுத்த மேசையிலிருந்து தங்கமுத்து மாமி எட்டிப் பார்த்தார். தன் மிளகாய்த்தூள் தள்ளுவண்டியில் கிடந்த ஆத்திரம் குரலில் இருந்தது.

"என்ன குணம், உன்ரை மாப்பிள்ளை கனடா போகேல்லையாம்?"

சுற்றியிருந்தவர்கள் சாப்பிடுவதை நிற்பாட்டினார்கள். குணலட்சுமி மேசையில் இருந்த இன்னொரு சாப்பாட்டுப் பெட்டியை நிருஷன் பக்கமாகத் தள்ளிவைத்துவிட்டு நிமிர்ந்து இருந்தார்.

"அவர் போகத்தான் நிண்டவர்," என்றார். "நான்தான் விடேல்லை."

பிறகு தன் பெட்டியைத் திறந்து இடியப்பத்தைப் பிய்க்கத் தொடங்கினார்.