தனக்கொடி மூச்சில் ஓடிய பியட்

1978ஆம் ஆண்டு கார்த்திகையிலிருந்து 1980 தை வரைக்கும் அரியாங்குப்பத்துத் தனக்கொடி மூச்சு விடவில்லை. இழுப்பாள், விடமாட்டாள். பேசுவதையும் இழுக்கிற மூச்சிலேயே பேசினாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அடுப்பை ஊத முடியாது, விசிறிதான். காபி சூடாக இருந்தால் தானாக ஆறும்வரை டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆஸ்பத்திரியில் குழல் வைத்துப் பார்த்தவர்கள், உள்ளே போகிற காற்று நன்றாக இருக்கிறது, வெளியே வருகிற காற்றைத்தான் காணோம் என்று சொல்லிச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். காத்து கருப்பு பிடித்திருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. அதெல்லாம் ஒன்றுமில்லை. மூச்சு விடக்கூடாது என்று ஓர் அதிகாரி சொன்னார், அவள் விடவில்லை. இதில் வியந்துபோக எதுவும் கிடையாது. வியப்பதாக இருந்தால் அந்தப் பள்ளத்தைப் பார்த்து வியக்கவேண்டும்.

பள்ளம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி முதலியார்பேட்டைக்குப் போகிற வழியில் இருந்தது. 1976இல் பெரிய இடத்து மனிதர் ஒருவர் வந்து, பந்தல் போட்டு, ரிப்பன் வெட்டி, புதுச் சாலையைத் திறந்துவைத்தார். அதற்கு அடையாளமாக ஒரு கல்லும் நட்டார்கள். கல்லை மட்டும்தான் நட்டார்கள். சாலைக்குப் போடுவதாகச் சொன்ன ஜல்லி எங்கே போனது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், அதைக் கேட்கவேண்டியவர்களைத் தவிர. கல்லுக்குப் பக்கத்திலேயே, ஆள் படுக்கிற நீளத்தில், அந்தப் பள்ளம் கிடந்தது. மழைக்கு மழை வளர்ந்தது. திறந்துவைத்த சாலையில் பள்ளம் இருக்க முடியாது என்பதால், சாலைக்குப் பொறுப்பான அலுவலகத்தைப் பொறுத்தவரை பள்ளம் இல்லை. இல்லாத பள்ளத்தை எப்படி மூடுவது என்று அங்கே சிரிக்காமல் கேட்டார்கள்.

தனக்கொடியின் புருஷன் கோவிந்தராசுவிடம் ஒரு பழைய பியட் கார் இருந்தது. பிரான்சுக்குக் குடிபோன குடும்பம் ஒன்று தங்களுக்கு ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கே விட்டுவிட்டுப் போன வண்டி. தினமும் காலையில் அரியாங்குப்பத்திலிருந்து வேலைக்குப் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போவார், மாலையில் கொண்டுவந்து விடுவார். 1977 ஐப்பசியில் வலியெடுத்த தனக்கொடியை அந்த வண்டியில்தான் பிரசவ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். தண்ணீர் நிறைந்து கிடந்த பள்ளம் கண்ணுக்குத் தெரியவில்லை. சக்கரம் இறங்கிய வேகத்தில் அவள் சீட்டிலிருந்து தூக்கி எறியப்பட்டாள். அச்சு முறிந்து வண்டி அங்கேயே நின்றது. பிள்ளை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் பிறந்தது, அழவில்லை. மறுவருஷம் அவளுக்கு மறுபடி வலி கண்டபோது, அச்சு மாற்றிய வண்டியைக் கோவிந்தராசு பள்ளத்தை நினைவில் வைத்து நடைவேகத்தில்தான் ஓட்டினார். அந்த ஒரு வருஷத்தில் பள்ளம் சாலையின் முழு அகலத்துக்கும் வளர்ந்திருந்தது. இரண்டாவது பிள்ளையும் அதே இடத்தில் போயிற்று. இரண்டும் ஆண்.

துக்கம் கேட்க வந்தவர்கள் விதி என்றார்கள். தனக்கொடி அலுவலகத்துக்குப் போனாள். காலையிலிருந்து நின்றவளை மாலையில் உள்ளே விட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள் மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி, முகத்தைப் பார்க்காமலே முடித்துவிட்டார்.

“பெரியவரு கையால தெறந்த ரோடும்மா அது. பள்ளம் கிள்ளம்னு வெளியில மூச்சு விடக்கூடாது. தெரிஞ்சிதா?”

சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் கூட்டிவைத்திருந்த அத்தனையும் தொண்டைக்கு வந்திருந்தது. அதை அப்படியே அடக்கிக்கொண்டு திரும்பினாள். அன்றிலிருந்துதான் மூச்சு உள்ளே நின்றது.

1979இல் மறுபடி முழுகாமல் இருந்தாள். மூன்றாம் மாதம் கோவிந்தராசுவைக் கூப்பிட்டு, இழுத்த மூச்சில், “ரோடு மாறப் போறதில்ல. வண்டிய மாத்து” என்றாள். அவர் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் நின்றது டவுனில் ஜான்-பத்திஸ்த் வீட்டு வாசலில். ஜான்-பத்திஸ்த் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வண்டிப் பட்டறையில் காலம் கழித்தவர். எந்த வண்டியைப் பார்த்தாலும் குறை சொல்வார், எந்த மனிதரோடும் ஒரு நாளாவது சண்டை போட்டிருப்பார். குனிந்து பியட்டின் அடிவயிற்றைப் பார்த்துவிட்டு, இந்த ஸ்பிரிங்குகளை வைத்துக்கொண்டு மாட்டுவண்டி ஓட்டலாம், சுஸ்பான்சியோன், அதாவது குலுக்கலைத் தாங்குகிற அமைப்பு, என்றால் காற்றில்தான் நிற்கவேண்டும் என்றார். ஸ்பிரிங் இருக்கிற இடத்தில் ரப்பர் பை, பைக்குள் காற்று. பள்ளம் வந்தால் காற்று அமுங்கும், ஆள் அமுங்கவேண்டியதில்லை.

எந்தப் பை என்பதில் இரண்டு மாதம் போயிற்று. கோவிந்தராசு லாரி டியூபை வெட்டி, மடித்து, கித்தானில் தைத்துக்கொண்டு வந்தார். ஜான்-பத்திஸ்த் அதைக் காலால் எட்டி உதைத்தார். மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போய், கழித்துப் போட்ட வெளிநாட்டு பஸ் ஒன்றிலிருந்து கழற்றிய தடித்த ரப்பர்ப் பைகளை வாங்கிவந்தார்; ஒவ்வொன்றும் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வயிறு வைத்தது. பிரான்சிலிருந்த அவர் மகன் ஜெரார் உருளையாக, ஒல்லியாக, புதுசாக இரண்டு பைகளை அனுப்பிவைத்தான். மூன்றையும் முற்றத்தில் பரப்பிவிட்டு ஆண்கள் இரண்டு பேரும் அடித்துக்கொள்ளாத குறையாக வாதாடினார்கள். தனக்கொடி ஒவ்வொன்றின்மேலும் உட்கார்ந்து பார்த்தாள். டியூப் பை ஒரு பக்கமாகப் பிதுங்கியது. ஒல்லிப் பை அவள் கனத்துக்குத் தாழ்ந்துபோய்த் தரையைத் தொட்டது. இரட்டை வயிற்றுப் பை மட்டும் அமுங்கி, நின்று, மெல்ல அவளை மேலே தூக்கியது.

“இதுதான். ரெண்டு உசுர சொமக்கத் தெரிஞ்சது இதுதான்” என்றாள்.

ஆனால் முன்பக்கம் அந்தத் தடியன் நுழையவில்லை, இரும்பில் உரசியது. முன்னால் ஜெரார் அனுப்பியது, பின்னால் பஸ்ஸினுடையது என்று முடிவாயிற்று. பின்பக்க ஸ்பிரிங் பட்டைகளில் நீளமான ஒன்றை மட்டும் அச்சைப் பிடித்துக்கொள்ள விட்டுவிட்டு மற்றதைக் கழற்றினார்கள். முதலில் நான்கு பைகளுக்கும் ஒரே குழாயில் காற்றுக் கொடுத்தார்கள். வளைவில் திரும்பும்போது ஒரு பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடி, வண்டி சாராயக்கடையிலிருந்து வருகிறவனைப் போலச் சாய்ந்தது. பிறகு சக்கரத்துக்கு ஒரு குழாய், குழாய்க்கு ஒரு பித்தளைத் திருகு என்று பிரித்து, நான்கு திருகையும் முன்சீட்டுக்குக் கீழே வரிசையாக வைத்தார் ஜான்-பத்திஸ்த்.

எல்லாம் சரி, காற்றுதான் நிற்கவில்லை. பங்க்சர் கடையில் அடித்துக்கொண்டு கிளம்பினால் பாலம் வருவதற்குள் வண்டி வயிற்றைத் தரையில் தேய்த்தது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார்கள், ஒரு குமிழி வரவில்லை. ஓட்டையே இல்லாமல் காற்று போயிற்று. ஜான்-பத்திஸ்த் அவமானத்தில் சாப்பிடாமல் கிடந்தார். “வேலையில தப்பில்ல மதாம். இந்த ஊர்க் காத்துதான் சரியில்ல” என்றார். காலிச் சிலிண்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய் வேறு வேறு இடத்தில் காற்றுப் பிடித்து வந்தார். கடற்கரையில் பிடித்த காற்றில் வண்டி படகுபோல் ஆடி, வேலைக்குப் போகிறவர்கள் வாந்தியெடுத்தார்கள். அலுவலக வாசலில் பிடித்த காற்றில் வண்டி நகரவே மறுத்தது. இரண்டு பேர் முன்னால் கைகட்டி நின்று கெஞ்சினால் கொஞ்ச தூரம் போனது. இப்படியே மாதம் நிறைந்துவிட்டது.

தை மாதம் ஒரு முற்பகலில் தனக்கொடிக்கு வலி கண்டது. வண்டி வாசலில் வயிறு தரையில் பட உட்கார்ந்திருந்தது. பங்க்சர் கடையில் அன்று மின்சாரம் இல்லை. கோவிந்தராசு கைப்பம்பை எடுத்து அடித்துக்கொண்டே அழுதார். பார்த்துக்கொண்டு நின்ற தனக்கொடி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள், பம்பிலிருந்து குழாயைப் பிடுங்கினாள், வாயில் வைத்தாள், விட்டாள். பதினான்கு மாதத்து மூச்சு. தெருவில் அத்தனை பேரும் பார்த்தார்கள். பின்பக்கம் முதலில் எழுந்தது, பிறகு முன்பக்கம். பைகள் நிறைந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. சக்கரங்கள் நான்கும் தரையைவிட்டு ஒரு சாண் மேலே வந்து நின்றன. எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு, “எடு வண்டிய” என்றாள்.

பாலத்தைத் தாண்டிக் கல் வந்தது, பள்ளம் வந்தது. பியட் அதன்மேல் போனபோது உள்ளே கிடந்த தண்ணீர்கூட அசையவில்லை. ஆஸ்பத்திரியில், கட்டில் மேல், பெண் குழந்தை பிறந்தது, நன்றாக அழுதது. செல்வாம்பாள் என்று பெயர் வைத்தார்கள். தரையைத் தொடாத சக்கரம் எப்படி வண்டியை நகர்த்தியது என்று ஜான்-பத்திஸ்த் பிற்பாடு கேட்டார். கோவிந்தராசு யோசித்துப் பார்த்து, “எப்பவும் போல கிளட்ச்ச மிதிச்சன் முசியே” என்றார்.

அதற்குப் பிறகு தனக்கொடி எல்லோரையும் போல மூச்சு விட்டாள், அடுப்பை ஊதினாள். ஒரு குறை மட்டும். செத்துப்போன இரண்டு பிள்ளைகளைப் பற்றிப் பேச வாயைத் திறந்தால் வெறுங்காற்று வந்தது. அந்தச் சொற்கள் எல்லாம் வண்டிக்குள், இறங்காமல் நின்ற அந்தக் காற்றில் இருந்தன. புருஷனிடம்கூட அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. மகளுக்கு அண்ணன்கள் இருந்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. சில நாள் வண்டியின் பக்கத்தில் போய் நின்று பின்பக்கத்துப் பையைத் தடவிக்கொடுப்பாள். திருகைத் திறக்கச் சொல்லிக் கோவிந்தராசுவே கேட்டிருக்கிறார். அரியாங்குப்பத்தில் வலி கண்ட பெண்கள் அத்தனை பேரும் அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், ஒரு பிள்ளையும் வழியில் போகவில்லை. எப்படித் திறப்பாள்? அடக்கிக்கொண்டிருந்தாள்.

இதில் கொழுத்துப்போனவர்கள் யார் என்றால் அலுவலகத்தார். புகார் வருவது நின்றுவிட்டது. யாரும் விழாத பள்ளம் பள்ளமில்லை என்று மேலே தெரிவித்து, மூச்சு விடாதே என்ற அந்த அதிகாரி பதவி உயர்வும் வாங்கிக்கொண்டார். 1984இல் கல் நட்டதன் எட்டாம் ஆண்டு விழா என்று ஒன்றைக் கிளப்பினார்கள். எட்டாம் ஆண்டுக்கு விழா எடுத்த கதையை வேறு எந்த ஊரிலும் கேட்டதில்லை. ரிப்பன் வெட்டிய பெரிய மனிதர் மறுபடி வந்தார். சாலை எவ்வளவு வழவழப்பு என்று அவருக்குக் காட்ட, அவரைக் கோவிந்தராசுவின் பியட்டில் ஏற்றிக்கொண்டு போவதென்று ஏற்பாடு. ஜீப்பில் போனால், இல்லாத பள்ளத்தில் விழுந்துவிடுவோம் என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது.

ஆள் வந்து சொன்னபோது கோவிந்தராசு முடியாது என்று சொல்லப் பயந்தார். தனக்கொடி புடவை மாற்றிக்கொண்டு, செல்வாம்பாளை மடியில் வைத்துக்கொண்டு, முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பின்சீட்டில் மாலையோடு பெரிய மனிதர், பக்கத்தில் அதிகாரி. வண்டி மிதந்து போயிற்று. அதிகாரி, “பாருங்கய்யா, ஒரு குலுக்கல் இருக்குதா?” என்றார். பெரிய மனிதர் தலையாட்டினார். பந்தலுக்குப் பக்கத்தில், கல்லுக்கு நேரே, பள்ளத்தின் நடுவில் வந்தபோது தனக்கொடி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“இவனுங்கள சொமக்கறதுக்கா நான் மூச்ச புடிச்சி வெச்சிருந்தன்?”

கோவிந்தராசு பிரேக்கைப் போட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அவள் குனிந்து நான்கு திருகையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

வண்டி இறங்கத் தொடங்கியது. மெதுவாக, மாலையும் ஜரிகை வேட்டியுமாகப் பள்ளத்துக்குள், கதவு திறக்க முடியாத ஆழத்துக்கு இறங்கியது. காற்று சீறவில்லை, பேசியது. தனக்கொடி உதட்டை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் குரல் வண்டியின் அடியிலிருந்து வந்து பந்தல் முழுவதும் கேட்டது. “மூத்தவனுக்கு கிருஷ்ணசாமின்னு வெக்க நெனச்சன். எளையவனுக்கு ராமதாசு. ரெண்டு பேரும் இந்தக் கல்லுகிட்டதான் போனாங்க. கல்லுக்கு பந்தல் போட்டீங்களேய்யா, ரோடு போட்டீங்களா? குழி இல்லன்னு சொல்ற வாயால எம் புள்ளைங்களும் இல்லன்னு சொல்லு, கேக்கறன். ஒரு வண்டி மண்ணுய்யா. ஒரு வண்டி மண்ண கொட்டியிருந்தா ரெண்டும் இந்நேரம் பள்ளிக்கூடம் போயிருக்கும்.” பிள்ளைகளின் பெயரைக் கோவிந்தராசு அப்போதுதான் முதல்முறை கேட்டார். பதினான்கு மாதத்து மூச்சு, சாயங்காலம்வரை சொல்லி முடித்தது. ஒலிபெருக்கியைக் கூட்டிப் பார்த்தார்கள், அந்தக் குரல்தான் மேலே நின்றது. பின்சீட்டில் இருந்த இரண்டு பேரும் பள்ளத்திலிருந்து ஏற முடியாமல் கடைசிச் சொல்வரை கேட்டார்கள்.

அடுத்த வாரம் அலுவலகத்திலிருந்து ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். கல்லைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

ஊரார் கயிறு கட்டி இழுத்துவந்த பியட் வாசலில் வயிறு தரையில் பட உட்கார்ந்திருந்தது. தனக்கொடி செல்வாம்பாளுக்குத் தலை வாரிக்கொண்டே அண்ணன்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுநடுவே வண்டியைப் பார்த்தாள். தெருவில் இரண்டு பேருக்கு மாதம் நிறைந்திருந்தது, அவளிடம் காற்று மிச்சமில்லை. அப்போது மில் வேலைக்குப் போகும் அஞ்சலாட்சி வந்தாள். மில்லில் மேஸ்திரி செய்ததை வெளியில் மூச்சு விட்டால் வேலை போய்விடும் என்று அவளிடம் சொல்லி மூன்று வருஷம் ஆகியிருந்தது. யாரையும் கேட்காமல் குழாயை எடுத்து வாயில் வைத்தாள். பின்பக்கம் எழுந்தது. அவளுக்குப் பின்னால் ரேஷன் கடை விஷயத்தில் வாயை மூடிக்கொண்ட கொளஞ்சி நின்றாள், அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர், வரிசை தெருமுனை வரைக்கும் போயிருந்தது. கோவிந்தராசு பானெட்டை அமுக்கிப் பார்த்தார்.

“பின்னாடி போதும். முன்னாடி சோத்தாங்கை பக்கம் இன்னும் கொஞ்சம் வேணும்.”

கொளஞ்சி கூடையை இறக்கிவைத்துவிட்டு மண்டியிட்டாள். டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராக வந்து வண்டியில் ஏறிக்கொண்டார்கள்.